குடும்பச் செலவும் கையிருப்பும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அன்றாடக் குடும்பச் செலவில் பணத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்பது குறித்துப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அலுவலர்கள் ஊருக்கு வந்தால் விதை, உரம், சாலை, குடிநீர் ஆகியவை பற்றிப் பேசுவதே வழக்கம். விளைச்சலைப் பெருக்கும் வழிகளைப் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். விளைந்த பொருளின் விலை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதலாக விளைவித்த உழவர், அந்த இரண்டு மூட்டையின் விலையையும் வட்டியாகக் கொடுத்துவிட்டால், அவர் பட்ட பாட்டிற்குப் பயன் யாது? 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, ஊரின் முன்னேற்றம் என்பதில் வீட்டின் முன்னேற்றமும் அடங்கும் என்றே சொல்லி வருகிறோம். ஆகவே இன்று வீட்டுக் கணக்கைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சிக்கனம் என்றவுடன், தேநீரைக் குறை, துணியைக் குறை, விளக்கை அணை என்று சொல்லத் தொடங்குகிறோம். இவையெல்லாம் தேவையே. ஆனால் உழவர் குடும்பத்தின் பணம் பெரும்பாலும் ஒழுகிப் போகும் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கையில் பணம் இல்லாத மாதத்தில் செலவு வந்து நிற்பதே அந்த ஓட்டை. அதை அடைக்கக் கையிருப்பு வேண்டும். கையிருப்பு உள்ள வீட்டில் மற்றச் செலவுகள் தாமே குறையும். கையிருப்பு இல்லாத வீட்டில் எவ்வளவு ஒடுக்கிச் செலவிட்டாலும் மிச்சம் நில்லாது. இந்த ஒரு கருத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வரவு ஒரு காலம், செலவு பல காலம்

மாதச் சம்பளம் பெறுவோருக்கு மாதந்தோறும் வரவு உண்டு. உழவருக்கு அப்படியன்று. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு போகம் சம்பா பயிரிடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தை, மாசி மாதங்களில் அறுவடை. நெல் கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. பங்குனி, சித்திரையில் காதணி விழா, திருமணம், கோயில் திருவிழா. ஜூன் மாதத்தில் பள்ளியும் கல்லூரியும் திறக்கின்றன. ஆடி, ஆவணியில் உழவுக்கும் விதைக்கும் பணம் வேண்டும். ஐப்பசியில் தீபாவளி, அத்துடன் மழையும் நோயும். மறுபடியும் தை பிறக்கும் வரையில் பெரிய வரவு ஏதுமில்லை. ஆண்டில் இரண்டு மாதம் வரவு, பன்னிரண்டு மாதம் செலவு என்பதே உழவர் வீட்டு நிலை.

இந்நிலையில் ஜூன் மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு 20,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். கையில் இல்லை. நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். மூன்று வட்டி என்பது சொல்லுக்குச் சிறியது. ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ரூபாய் ஆகிறது. மாதம் 600 ரூபாய் வீதம், அறுவடைப் பணம் வரும் வரையில் எட்டு மாதத்திற்கு 4,800 ரூபாய் வட்டி. இதே 20,000 ரூபாயை மாசி மாதத்தில் வந்த பணத்திலிருந்து தனியே எடுத்து வைத்திருந்தால் இந்த 4,800 ரூபாயும் மிச்சம். நாளொன்றுக்கு 30 ரூபாய் வீதம் தேநீர்க் கடையில் கொடுப்பவர், ஐந்து மாதம் தேநீரை அடியோடு நிறுத்தினாலும் 4,500 ரூபாய்தான் மீதமாகும். எது எளிது என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

தண்டல் கடனின் கணக்கு இதனினும் கொடியது. 10,000 ரூபாய் என்று சொல்லி, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் வசூலிக்கிறார்கள். "நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் வாங்கிய 8,500 ரூபாயும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக 4,250 ரூபாயே நம் பயனுக்கு இருந்ததாகக் கொள்ள வேண்டும். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் என்றால், ஓராண்டுக் கணக்கில் வட்டி அசலையே விஞ்சிவிடுகிறது. இப்படிப்பட்ட அதிக வட்டி வசூலைத் தடை செய்ய 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பெற்றது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை அச்சட்டத்தின்கீழ் வருவனவே. எனினும், சட்டம் துணைக்கு வருவதற்கு முன் கடன் வாங்கும் தேவையே எழாதிருப்பது நன்று.

மளிகைக் கடைப் பற்றும் ஒரு கடனே. பற்று எழுதி வாங்குவோர் விலையைக் கேட்பதில்லை; எடையைக் கேட்பதில்லை; வேறு கடைக்குப் போகவும் இயலாது. வட்டி என்ற பெயர் அங்கே இல்லாவிடினும், அது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

கையிருப்பை உண்டாக்கும் வழி

முதலில் கணக்கு எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மூன்று பத்திகள் போடுக: வரவு, ரொக்கச் செலவு, கடன். இரண்டு மாதம் ஒரு நாளும் விடாமல் எழுதினால், ஒரு மாதக் குடும்பச் செலவு எவ்வளவு என்பது விளங்கிவிடும். பீடி, வெற்றிலை, மது ஆகியவற்றிற்கான செலவையும் மறைக்காமல் எழுதுவது அவசியம். பல வீடுகளில் ஏட்டில் ஏறாத செலவு இவையே. வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கெழுதும் பொறுப்பை அப்பிள்ளையிடம் கொடுக்கலாம். தந்தை சொல்ல, பிள்ளை எழுதும் வீட்டில் வீண் செலவு தானாகவே தயங்கும்.

அடுத்து, அறுவடைப் பணம் கணக்கில் வந்த நாளிலேயே அதைப் பங்கிட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனை முதலில் அடைப்பது முறை. உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடும். 1904ஆம் ஆண்டில் திரூரில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியதே, உழவர்கள் வட்டிக்காரர்களிடமிருந்து மீளும் பொருட்டுத்தான். அந்த வசதியைத் தவணை தவறி இழப்பது பேதைமை.

அதன்பின் ஒரு மாதக் குடும்பச் செலவுக்குரிய தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். இதுவே கையிருப்பு. நோய், திடீர்ப் பயணம், மழையால் வேலையிழப்பு ஆகியவற்றிற்கு மட்டுமே இதைத் தொடலாம். தொட்டால் அடுத்த வரவில் மீண்டும் நிரப்ப வேண்டும். பிறகு ஜூன் மாதக் கல்விக் கட்டணம், ஆடி மாதச் சாகுபடி, தீபாவளி ஆகிய மூன்றுக்கும் உரிய தொகைகளை வேறாக ஒதுக்குக. இவை முன்கூட்டியே தெரிந்த செலவுகள். தெரிந்த செலவுக்குக் கடன் வாங்கும் நிலை வரலாகாது. வங்கியிலோ அஞ்சலகத்திலோ குறுகிய கால வைப்பாக இவற்றைப் போட்டு வைத்தால் சிறிது வட்டியும் வரும். கண்ணெதிரே கிடந்து கரையவும் கரையாது.

நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் இதை எப்படிச் செய்வது என்று கேட்கலாம். அவர்களுக்கு வரவு வாரந்தோறும் வருகிறது. ஆகவே சேமிப்பும் வாரந்தோறும் நிகழ வேண்டும். வாரம் 50 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 2,600 ரூபாய் ஆகும். இதற்கு ஏற்ற இடம் மகளிர் சுயஉதவிக் குழு. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் இம்முயற்சி தொடங்கியபோது, சிறு தொகைகளைச் சேர்க்கும் பழக்கமே அதன் அடித்தளமாக இருந்தது. இன்று பல இடங்களில் குழு என்றால் கடன் வாங்கும் இடம் என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. சேமிப்பே முதற்பணி என்பதை உறுப்பினர்கள் மறத்தலாகாது. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஐந்தாண்டுக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு நிலைத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, இரட்டிப்புத் திட்டம் என்று வருவோரிடம் கையிருப்பைக் கொடுத்து ஏமாறலாகாது. சீட்டு நடத்துவோர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேளுங்கள். அளவுக்கு மீறிய வட்டி தருவதாகச் சொல்லும் இடத்தில் அசலே ஐயத்திற்குரியது.

பருவத்தில் வாங்குதல்

கையிருப்பு உள்ள குடும்பம் பொருளைப் பருவத்தில் வாங்கலாம். நம் பாட்டிமார்கள் ஆண்டுச் சாமான் வாங்கி வைத்த வழக்கம் இதுவே. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அதே காலத்தில் மிளகாய் காய்ந்து களத்திற்கு வரும். தையில் துவரை, பங்குனியில் நெல் தரிசில் விளைந்த உளுந்தும் பயறும். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மாதம் மூன்று கிலோ பருப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 36 கிலோ. பருவத்தில் வாங்குவதால் கிலோவுக்கு 30 ரூபாய் குறைந்தால் 1,080 ரூபாய் மீதம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து விளைவித்தவரிடமே மூட்டையாக வாங்கினால் இன்னும் நயமாகக் கிடைக்கும்.

வாங்கியதைக் காப்பதும் கலை. பருப்பு வகைகளை நன்கு வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகே கலத்தில் இட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த வேப்பிலையை இடையிடையே போடலாம். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, உப்பிட்டுப் பானையில் அழுத்தி வைத்தால் ஆண்டு முழுதும் கெடாது. நியாய விலைக் கடையில் தமக்குரிய அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரை ஆகியவற்றை மாதந்தோறும் தவறாமல் வாங்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பெறத் தொடங்கியது. அந்த அரிசியைச் சிறு விலைக்கு விற்றுவிட்டுக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்குவது கணக்கறியாச் செயல்.

அன்றாடச் சிறு செலவுகள்

விளக்கு, விறகு, காய்கறி ஆகியவற்றில் மிச்சப்படுவது சிறு தொகைதான். ஆனால் கையிருப்புக்கு முதல் காசு இங்கிருந்தே கிடைக்கும்.

60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகிறது. அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்டும் ஆகாது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதுவகை மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால், இரண்டு மாதத்தில் 45 யூனிட் ஆகுமிடத்தில் 18 யூனிட்டே ஆகும். இதன் விலை கூடுதல். ஆதலின் பழையது பழுதானபோது புதியதை வாங்கினால் போதும். மின் அளவு கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் கட்டணமும் கூடுகிறது என்பதை மறவாதீர்கள்.

அடுப்பில் நீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டுவதால் சோறு விரைவில் வேகாது. கொதிக்கும் நீரின் வெப்பம் தீயைக் கூட்டினாலும் ஏறுவதில்லை; நீர் ஆவியாவதுதான் மிகும். ஆகவே கொதி வந்தவுடன் தீயைக் குறைத்து மூடி வைக்க வேண்டும். அரிசியை அரை மணி நேரமும், கடலை, பயறு முதலியவற்றை இரவிலும் ஊறவைத்தால் எரிபொருள் மிச்சமாகும்.

வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் இரண்டு வாழை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பந்தல் இருந்தால் காய்கறிச் செலவு பாதியாகும். ஆடிப் பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு, சுரை ஆகியவற்றை ஊன்றுக. கோடையில் மலிந்த கத்தரியையும் கொத்தவரையையும் வற்றலாக்கி வைத்தால் மழைக்காலத்திற்கு உதவும்.

கடையில் பொட்டலம் வாங்கும்போது, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். இப்பொழுது அதையும் பொட்டலத்தின்மீது அச்சிடுகிறார்கள். பெரிய பொட்டலமே மலிவு என்ற எண்ணம் எப்போதும் சரியன்று. சில பொருள்களில் சிறு பொட்டலம் மலிவாக இருப்பதும் உண்டு.

குறைக்கக் கூடாதவை

சிக்கனத்தின் பெயரால் குறைக்கத் தகாதவை மூன்று: உணவு, கல்வி, மருத்துவம். வீட்டில் பண முடை வந்தால் முதலில் தம் தட்டிலிருந்து எடுப்பவர் தாய். பாலையும் முட்டையையும் கணவனுக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு, எஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து உண்கிறார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அவர் உடல் தளர்ந்தால் கூலி போகும். மருத்துவச் செலவு வரும். வீட்டுக் கணக்கே சாயும். கீரை, பயறு, முட்டை ஆகியவற்றை வீட்டுப் பெண்களும் உண்கிறார்களா என்று பார்ப்பது குடும்பத் தலைவரின் கடமை.

நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கான மாத்திரையைச் செலவுக்கு அஞ்சி நிறுத்துவோர் உளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. மாத்திரையை நிறுத்திப் பெருநோயில் வீழ்வதினும் பெரிய வீண் செலவு வேறில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை, நோய் வந்த பிறகு தேடாமல், இப்பொழுதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசேஷச் செலவு

குடும்பத்தைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளும் செலவு விசேஷச் செலவே. திருமணம் செய்யாதிருக்க முடியாது; காது குத்தாதிருக்க முடியாது. ஆனால் மொய் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிப் பந்தல் போடுவது ஆபத்து. மொய் என்பது வரவு அன்று. திருப்பிச் செய்ய வேண்டிய கடன். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தில் நடைபெறும் மொய் விருந்து, வட்டியில்லாமல் ஒருவருக்கொருவர் உதவும் நல்ல ஏற்பாடே. அங்கும் மொய் நோட்டைப் பத்திரமாக வைத்துக் கணக்குப் பார்ப்பவரே நிலைத்து நிற்கிறார். வாங்கிய மொய்யை நம் நோட்டில் கடன் பத்தியிலேயே எழுத வேண்டும்.

நகையைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்திற்கு உதவும் என்று நகை வாங்குகிறோம். அவசரம் வந்ததும் அடகு வைக்கிறோம். வட்டி கட்ட முடியாமல் தவணை கடக்கிறது. முடிவில் ஏல அறிவிப்பு வருகிறது. மகளுக்கென்று சேர்த்த சங்கிலி, அதன் விலையில் ஒரு பகுதிக்கு வாங்கிய கடனுக்காகக் கைவிட்டுப் போவதைப் போன்ற துயரம் வேறில்லை. 20,000 ரூபாய்க் கையிருப்பு இருந்திருந்தால் அச்சங்கிலி பெட்டியிலேயே இருந்திருக்கும். நகைக்கும் முந்திக் கையிருப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவையனைத்தும் வீட்டுக் காரியங்கள். ஊராட்சிக்கு இங்கு என்ன வேலை என்று நினைக்கலாம். நான்கு வேலைகள் உண்டு.

முதலாவது, அறுவடைப் பணம் வரும் காலத்தை ஒட்டி, ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் சேமிப்பு பற்றிப் பேச ஏற்பாடு செய்யலாம். வங்கி, அஞ்சலகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் அலுவலர்களை அன்று அழைத்து, கணக்கில்லாதோருக்கு அங்கேயே கணக்குத் தொடங்கச் செய்யலாம்.

இரண்டாவது, ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் வாயிலாகப் பருப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றைப் பருவத்தில் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு அரசு ஆணை எதுவும் வேண்டுவதில்லை. நம்பிக்கையுள்ள இருவர் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, பதிவு பெறாத சீட்டு நடத்துவோரும் அதிக வட்டிக்காரர்களும் ஊரில் நடமாடினால், மக்களை எச்சரிப்பதும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கத் துணை நிற்பதும் உறுப்பினர்களின் பொறுப்பு. கடன்பட்டவர் தனியே நிற்கும்போது பேச மாட்டார். ஊர் உடன் நின்றால் பேசுவார்.

நான்காவது, முன்மாதிரி. ஊராட்சி உறுப்பினர் தம் வீட்டுத் திருமணத்தை அளவோடு நடத்தினால், ஊரில் பத்துப் பேருக்குத் துணிவு வரும். "அவர்களே இப்படிச் செய்தார்கள், நாம் செய்வதில் குறைவென்ன" என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். பலர் ஆசையினால் ஆடம்பரம் செய்வதில்லை. ஊர் பேசுமே என்ற அச்சத்தினால் செய்கிறார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் ஆற்றல் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது.

அன்பர்களே, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யுமாறு நாம் கூறவில்லை. இம்மாதம் நோட்டு ஒன்று வாங்கிக் கணக்கெழுதத் தொடங்குங்கள். அடுத்த வரவு எதுவாயினும், அது நெல்லாகட்டும், பால் பணமாகட்டும், கூலியாகட்டும், அதில் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்கில் இடுங்கள். ஒரு மாதச் செலவு அதில் சேரும் வரையில் நிறுத்தாதீர்கள். அடுத்த ஜூன் மாதத்தில் பிள்ளையின் கட்டணத்தைக் கடன்படாமல் கட்டிவிட்டு வீடு திரும்பினால், இவ்வுரையின் பயன் கைகூடிவிட்டது என்று மகிழ்வோம்.